தலைவர் பார்த்த நோயாளி

தமிழர் மன்றத் தலைவர் சொக்கலிங்கம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து ஈஸ்வரனின் மணிக்கட்டைப் பிடித்தார். விரல் நுனிகள் ஒட்டியது மட்டுமில்லை, நடுவில் ஒரு பென்சில் நுழைய இடமும் இருந்தது.

"தேக்கோ பாலகுமார், தேக்கோ! கேன்சர் ஆளை எப்படி உருக்கிடுச்சு பாரு. போட்டோ எடுத்தியா?"

மன்றச் செயலாளர் பாலகுமார் செல்போனில் இரண்டு எடுத்தார். இரண்டிலும் நடுவில் தலைவர்தான் இருந்தார்.

தீவின் லம்பா லைன் பகுதியில் இருந்த அந்த வீட்டுக்குத் தலைவர் வந்தது ஒரு கையெழுத்துக்காக. சென்னை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தமிழர் மன்றத்துக்கு ஓர் அறை உண்டு. நோயாளியைத் தலைவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி கிடைக்கும். வெள்ளிக்கிழமை கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தலைவர்தான் பாக்கி.

"அண்ணே, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தான் ஈஸ்வரன்.

"பேசாதே. இருக்கிற தெம்பும் போயிடும்."

சொக்கலிங்கம் மருத்துவம் படித்தவரில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டிய கான்ட்ராக்டர். அன்றிலிருந்து டாக்டர்கள் சொல்வதில் பாதியை அவர் ஏற்பதில்லை, மீதியைக் கேட்பதில்லை.

உள்ளேயிருந்து ஈஸ்வரனின் மனைவி வைஜெயந்தி வந்தாள். உப்பின முகம், வாசல் நிறைந்த உடம்பு. தலைவர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். விசாரணை முடிந்துவிட்டது.

"ஏம்மா, வீட்டுல ரெண்டு தட்டா, இல்ல ரெண்டும் உன் தட்டேதானா?"

"சாப்பாடு காரணமில்லையாம்ணே," என்றாள் அவள் மெதுவாக. "உள்ள கட்டி இருந்தா, ஆளு குண்டோ ஒல்லியோ, உடம்பு தன் சதையைத் தானே கரைச்சுக்குமாம். எவ்வளவு தின்னாலும் நிக்காதாம். கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை மீன், முட்டை, பருப்பு சாப்பிடணும். வீட்டுக்குள்ளேயே லேசா நடக்கணும். நோய்க்கு மருந்து ஏறுனாத்தான் சதை பிடிக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரம்மா நேத்து மெயின்லேண்டுலேர்ந்து வந்தவங்க. நான் முப்பது வருஷமா இந்தத் தீவுல இருக்கேன். சதையைக் கரைக்கிறது கேன்சர் இல்லம்மா, பொண்டாட்டி சமையல்!"

பாலகுமார் கடமை தவறாமல் சிரித்தார்.

மன்றத்தின் பெயர் ஒட்டிய புரோட்டீன் மாவு டப்பாவைத் தலைவர் அவளிடம் நீட்டினார். வாங்கிய கை தாழ்ந்து, டப்பா நழுவியது. ஈஸ்வரன் பாய்ந்து பிடித்தான். "நீ உக்காரு," என்று அவளை நாற்காலியில் அமர்த்திவிட்டு, அவனே அடுப்படிக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தான்.

சொக்கலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரே, இதென்ன கொடுமை! சீக்காளி டீ ஆத்துறான், மகாராணி குந்தியிருக்கா!"

"அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பஸ், பஸ், போதும்! இந்த நிலைமையிலயும் அவளுக்கு வக்காலத்தா?"

விண்ணப்பத்தோடு டாக்டரின் கடிதமும் இருந்தது. தலைவர் அதைப் பிரிக்காமல் டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். நோயாளி என்ற இடத்தில் ஈஸ்வரன் என்று தன் கையாலேயே எழுதினார். துணைக்கு வருபவர் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி, வைஜெயந்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ போக வேணாம். அங்கயும் இவன் பங்கை நீயே முழுங்கிடுவே. இவன் மட்டும் கப்பல் ஏறட்டும், ஒரு மாசத்துல உன்னாட்டம் திரும்பி வருவான்."

அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தார். ரப்பர் ஸ்டாம்பை ஊதி, மேசை அதிரக் குத்தினார். பாலகுமாரின் செல்போனைப் பார்த்துச் சிரித்தும் வைத்தார்.

வைஜெயந்தி நாற்காலிக் கையைப் பிடித்து, இரண்டாவது முயற்சியில் எழுந்தாள். டீ கிளாசை நகர்த்திக் கடிதத்தை எடுத்து, பிரித்து, தலைவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அப்போ எனக்கு ஏத்த வேண்டிய கீமோவை இவருக்கா ஏத்துவாங்க?"