ஆறாவது பெண்ணின் இடம்

ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில், ஒரு காலத்தில் கோயில் கூரையைத் தலையில் தாங்கிய கற்பெண்களைச் சுற்றி வந்தாள் எவாந்தியா.

“அஞ்சு பேர்தான் நிக்கிறாங்க. ஒரு இடம் ஏன்டா காலியா கெடக்கு?”

“ஆறாவது பொண்ணு லண்டன்ல இருக்காம்மா. ஒரு துரை பேர்த்து எடுத்துட்டுப் போய் இருநூறு வருஷமாச்சு” என்றான் மகன் லெஃப்டெரிஸ்.

“இன்னுமா அவளுக்கு இடம் புடிச்சு வச்சிருக்காங்க?”

“எத்தனை வருஷமானா என்ன? இந்த வீட்டுப் பொண்ணுதானே?”

மகன் தன்னை எதற்கு இங்கே கூட்டி வந்தான் என்பது எவாந்தியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“இவளைத் தூக்கிட்டுப் போனாங்க. உங்க அக்கா மாதிரி தானா ஓடிப்போகல.”

“அக்காவும் தானா போகலம்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டு வாசல்ல வந்து நின்னப்போ, கதவைச் சாத்தினது நீதான். அதுக்கப்புறம்தான் அவளும் லண்டன் போனா.”

எவாந்தியா அந்தக் காலி இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“லண்டன்ல இப்போ மணி என்னடா இருக்கும்?”