கரைந்த மலை

ஆசிரியர் செய்காய் வரைந்த மலையை மசுயோ தண்ணீரில் கரைத்துவிட்டாள்.

ஓவியத்துக்குப் பின்தாள் ஒட்டி, பட்டு ஓரம் வைத்து, சுவரில் தொங்கவிடும் சுருளாக்கித் தருவது அவள் வீட்டுத் தொழில். பின்தாள் ஒட்டும் முன் ஓவியத்தை நனைக்க வேண்டும். வரைந்தது ஒரு வாரமாவது காய்ந்திருந்தால்தான் மை அசையாது. ஆசிரியரின் கண்காட்சி நெருங்குகிறதே என்று மூன்றாம் நாளே நனைத்துவிட்டாள்.

ஈரம் பட்டதும் மலை புகையாய் ஓடியது. கறை தங்கிவிடக் கூடாதென்று பதறிப்போய் அலசு அலசென்று அலசினாள். மூலையில் இருந்த சின்னப் படகு மட்டும் தப்பியது.

"மலையையே கழுவி ஊத்திட்டியா?" என்றான் கணவன் தொகுஜி. "செய்காய் ஐயா கைவிட்டா கியோட்டோவுல ஒருத்தன் நம்ம கடைப் படி ஏறமாட்டான்."

மன்னிப்புக் கேட்க ஓடினாள். ஆசிரியர் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார், கண்காட்சியன்றுதான் வருவாராம். வேறு வழியில்லாமல் படகை மட்டும் சுருளாக்கி, கண்காட்சிக் கூடத்தில் மாட்டிவிட்டு, கதவோரம் நின்றுகொண்டாள்.

கூட்டம் அந்த ஓவியத்தின் முன்தான் நின்றது. நகரசபை உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு படகு. மிச்சமெல்லாம் வெட்டவெளி. இதுக்கு மேல என்ன வேணும்?"

அப்போதுதான் ஆசிரியர் வந்தார். ஓவியத்தை வெகுநேரம் பார்த்தார். மசுயோ மன்னிப்புக் கேட்க ஓரடி முன்னே வைத்தாள்.

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். மலையை வரையாமல் விடும் துணிச்சல் வர முப்பது வருஷம் ஆனது என்றார். மைக்கட்டியைக் கல்லில் ஒரு மணி நேரம் உரைத்தால்தான் மனசு வெறுமையாகும், பாட்டில் மையில் உயிர் இல்லை என்றார். சீடர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கூட்டம் நகர்ந்ததும் மசுயோ இடுப்பு மடியக் குனிந்தாள்.

"ஐயா, அவசரப்பட்டு நனைச்சது என் தப்பு."

ஆசிரியர் அவளைவிடத் தாழ்வாகக் குனிந்தார்.

"சத்தமாப் பேசாதீங்கம்மா. படகைத்தான் சீடங்க முன்னாடி மை உரைச்சு வரைஞ்சேன். மலையை வீட்டுல, பேரன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோற பாட்டில் மையில வரைஞ்சேன். தண்ணி பட்டா போயிடும்னு பாட்டில்லயே போட்டிருக்கு. நான்தான் படிக்கல."