நூற்றுக்கு நூறு

வகுப்பு வாசல் பலகையில் இருந்த நூறை அழித்துவிட்டுத் தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்தார்கள். யார் வேலை என்று பெரிய டீச்சர் யோசிக்கவே இல்லை. அடுத்த வகுப்புச் சின்ன டீச்சரைத் தவிர வேறு யார் மேலும் அவளுக்குச் சந்தேகம் வருவதில்லை.

பெரிய டீச்சருக்கு இந்த வயிற்றெரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. சின்ன டீச்சர் இந்த வருஷம்தான் வந்தாள். வந்த சூட்டோடு தலைமையாசிரியைக்குச் செல்லமாகிவிட்டாள். மாதம் நாலு நாள் லீவு, ஏனென்று கேட்க ஆளில்லை. பெரிய டீச்சர் காய்ச்சலோடு போய் அரை நாள் கேட்டால் மட்டும் ஆயிரம் கேள்வி.

அவளை ஜெயித்தது இந்தப் பலகையில் மட்டும்தான். தடுப்பூசி போட்ட பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் எழுத வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. 'எங்களுக்கு இதில் நம்பிக்கையில்லை' என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு.

அப்படி எழுதிக் கொடுத்த மூன்று வீடுகளுக்கும் பெரிய டீச்சர் செருப்புத் தேய அலைந்தாள். பேசிப் பேசியே மூன்று பிள்ளைகளுக்கும் ஊசி போட வைத்தாள். சின்ன டீச்சர் வகுப்பில் ஒரே ஒரு வீடு கடைசிவரை மசியவில்லை. அவள் தொண்ணூற்றேழு, இவள் நூறு. ஒரு வாரமாகப் பெரிய டீச்சர் தண்ணீர் குடிக்கக்கூட அவள் வாசல் வழியாகத்தான் போனாள்.

"அழிச்சது நான்தாங்க டீச்சர்," என்றார் ஆபீஸ் கிளார்க். "உங்க வகுப்புல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு. மருத்துவ விலக்கு. ஊசியே போடக் கூடாதாம்."

"ஏன், பக்கத்து வகுப்புல இடமில்லையா?"

"இருக்குங்க. சின்ன டீச்சர்தான் உங்ககிட்ட போடச் சொன்னாங்க."

இடைவேளை நேரம். காலி வகுப்பில், முதல் பெஞ்சில், தொப்பி போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் பெரிய டீச்சர் அடுத்த வகுப்புக்குள் புகுந்தாள்.

"என் நூறு உன் கண்ணை உறுத்திடுச்சு, இல்ல? ஊசி போடாத பிள்ளையை என் தலையில கட்டி, என்னையும் தொண்ணூத்தேழாக்கிட்ட."

சின்ன டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அவ உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லை. கூட உட்கார்ற பிள்ளைங்க எல்லாரும் ஊசி போட்டிருந்தாதான் பள்ளிக்கூடம் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். இங்க அப்படி ஒரு வகுப்பு உங்களோடது மட்டும்தான்."

"யார் வீட்டுப் பிள்ளைக்கோ நீ ஏன் இவ்வளவு மெனக்கெடற?"

"அவ என் பொண்ணுக்கா."