தோட்டைத் திருகினால்

மகள் ஆசைப்பட்ட நீலப் பை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்க்கடை வாசலில் இன்னும் தொங்குகிறது. பேரம் படியாவிட்டால் அம்மா காதுத் தோட்டைத் திருகுவாள். உடனே மூவரும் விறுவிறுவென்று நடையைக் கட்ட வேண்டும், கடைக்காரர் பின்னாலேயே கூப்பிடுவார். இன்று அவர் கூப்பிடவில்லை. பஸ்ஸும் வந்தபாடில்லை. காலையிலிருந்து வாங்கிக் குவித்த மூட்டைகளுக்கு நடுவே அப்பா வெயிலில் கால் மாற்றி நிற்கிறார். “நான் போய் வாங்கிட்டு வந்துடட்டுமா?” “சும்மா இருங்க. இப்ப போனா மூஞ்சிக்கு நேராவே சிரிப்பாரு,” என்கிறாள் அம்மா. கடைக்காரரும் அட்டையால் விசிறியபடி இந்தப் பக்கமே பார்க்கிறார். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன மகள் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறுகிறாள். ஹாரன் சத்தம். புழுதியோடு பஸ் வந்து நிற்கிறபோதுதான் அவர் பையைக் கொக்கியிலிருந்து கழற்றி, “அக்கா, உங்க விலைக்கே எடுத்துக்கோங்க,” என்று கத்துகிறார். அம்மா கடையை நோக்கிச் சாலையில் கால் வைக்கிறாள். பஸ் படியில் ஏறிவிட்ட மகள், அம்மாவைப் பார்த்தபடி தன் தோட்டைத் திருகுகிறாள்.