மூளியின் சாப்பாட்டுப் பட்டியல்

தையல்காரர் அழவில்லை. காட்டோரம் விறகு பொறுக்கப் போன மனைவி திரும்பி வராமல் நான்கு நாள் ஆகியும் அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை என்பதை, வனத்துறை அலுவலக வாசலில் நின்ற அத்தனை பேரும் கவனித்துக்கொண்டார்கள்.

அவர் நேராக ஆராய்ச்சிக்காரியின் மேஜைக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே சிறுத்தையின் எச்சம், காய்ந்தும் காயாமலும்.

"அவ செருப்பு கிடந்த இடத்துக்குக் கொஞ்சம் மேல கிடந்துச்சு மேடம். இதுக்குள்ள என் பொண்டாட்டி இருக்கா. உங்க மெஷின்ல போட்டுப் பாருங்க. பார்த்துட்டு அதைச் சுடச் சொல்லுங்க."

"வெறுங்கையாலயா எடுத்தீங்க?" என்று அவள் முகம் சுளித்தாள். தையல்காரர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல்.

ஆராய்ச்சிக்காரிக்கு அந்தக் காட்டில் எட்டு வருஷ உழைப்பு. எச்சத்தில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.வைப் படித்தே எந்தச் சிறுத்தை எந்த வழியாகப் போனது, யாருக்கு யார் பிள்ளை, நேற்று என்ன சாப்பிட்டது என்று சொல்லிவிடுவாள். மனிதர்களின் பிறந்தநாள் ஒன்றுகூட அவளுக்கு நினைவிருக்காது; சிறுத்தைகளின் மூன்று தலைமுறை மனப்பாடம்.

மிஞ்சியிருந்தவை ஏழு சிறுத்தைகள். அவற்றில் குட்டி போடக்கூடியது இடது காது கிழிந்த ஒன்றுதான். அவள் அதற்கு வைத்த பெயர் மூளி. செருப்பு கிடந்த பக்கம் திரிவதும் அதுதான். மூளிக்கு ஐந்து மாதக் குட்டிகள் இரண்டு இருந்தன. மூளியைச் சுட்டால் குட்டிகள் பத்து நாள் தாங்காது, அத்தோடு அந்தக் காட்டில் சிறுத்தை என்ற இனமே முடிந்துபோகும்.

சுடச் சொல்லும் உத்தரவு தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பமாட்டோம் என்று தெருவே வனத்துறை அதிகாரியை நெருக்கியது. ஆறு நாள் கொடுங்கள் என்று ஆராய்ச்சிக்காரி கெஞ்சினாள். அவர் ஐந்து நாள் கொடுத்தார்.

ஐந்து நாளும் அவள் ஆய்வுக்கூடத்தை விட்டு நகரவில்லை. எச்சத்தை அரைத்தது, கரைத்தது, வடித்தது, இயந்திரத்தில் ஏற்றியது, கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்த்தது எல்லாமே அவள்தான். கூட வேலை செய்பவர்களைத் தொடக்கூட விடவில்லை. ஓர் உயிர் விஷயம் அல்லவா.

"ஆடு, நாய், காட்டுப்பன்றி, முயல்" என்று ஐந்தாம் நாள் அறிக்கையை அதிகாரியிடம் நீட்டினாள்.

"மனுஷன்?"

"பட்டியல்லயே இல்லை சார்."

அதிகாரிக்கும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குட்டிகளோடு இருக்கும் ஒரு தாயைச் சுட அவருக்கும் மனசில்லை. உத்தரவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அப்புறம் தெரு தன் கணக்கைப் போட்டது. சிறுத்தை தின்னவில்லை என்றால் அவள் எங்கே? அவள் காணாமல் போனதற்கு முந்தின நாள் புருஷனும் பொண்டாட்டியும் போட்ட சண்டை பக்கத்து வீட்டுக்காரிக்கு ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுக்காரருக்குக் கண்ணீர் வராத அந்தக் கண்கள் ஞாபகம் வந்தன. நேற்றுவரை ‘அவர்’ என்றவர்கள் இன்று ‘அவன்’ என்றார்கள். வாயில்லாத ஜீவன்மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்த்தானே பாவி என்று காறித் துப்பினார்கள்.

போலீஸ் தையல்காரரைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் அவர் ஒப்புக்கொண்டார். எங்கே புதைத்தார் என்பதை மட்டும் நாளுக்கோர் இடமாகச் சொன்னார். கிணற்றடி, கொல்லை, தையல்கடைக்குப் பின்புறம் என்று தோண்டித் தோண்டிப் போலீஸ்காரர்களுக்கு இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். அதற்கும் சேர்த்து அவருக்கு உதை விழுந்தது. நாலு வயது மகளை எடுத்துக்கொண்டு போன அவருடைய தங்கை, இனி என் முகத்தில் முழிக்காதே என்று கம்பிக்கு வெளியிலிருந்தே சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆராய்ச்சிக்காரி வீட்டில் உட்கார்ந்து, காட்டுக் கேமரா அனுப்பிய காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூளி ஒரு பாறைமேல் படுத்திருந்தது. குட்டி ஒன்று அதன் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அக்கா, தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

உன் ஒரு காகிதம் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது பார் என்று பெருமைப்பட்டாள் அக்கா. அப்புறம் அவளுக்கே உரிய சந்தேகம் வந்தது.

"ஏண்டி, மனுஷனோட டி.என்.ஏ. துளிகூடவா வரலை? போன வருஷம் நான் உன் எச்சப் பையைத் திறந்துட்டுத் தும்மினேன்னு ஒரு வாரம் பேசாம இருந்தியே."

"எப்பவும் வரும்க்கா. கை பட்டது, மூச்சு பட்டதுன்னு வந்துட்டேதான் இருக்கும். மனுஷனோடது எது வந்தாலும் அழுக்குன்னு கழிச்சிட்டுத்தான் பட்டியல் போடுவோம். எல்லா ஆய்வுக்கூடத்துலயும் அதான் வழக்கம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ இந்தப் பையிலயும் வந்துச்சா?"

ஆராய்ச்சிக்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது குட்டியும் பாறைமேல் தொற்றி ஏறிவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வந்துச்சு. பாதிக்கு மேல அவதான்."