விட்டுப்போன கமா

கையிலிருந்த டோக்கன் நாற்பத்தேழு. பலகையில் எரிந்துகொண்டிருந்தது நாற்பத்து நான்கு.

அவள் டோக்கனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் விசா அதிகாரி இங்கிலீஷில் என்ன கேட்பாரோ, தன் வாயில் என்ன வருமோ. மகளுக்குத் தலைப்பிரசவம். இன்னும் ஒன்பதே நாள். இன்றைக்கு முத்திரை விழாவிட்டால், கடல் கடந்த ஊரில் அந்தப் பெண் ஒற்றையாய்த்தான் பெற்றெடுக்க வேண்டும்.

பக்கத்தில் கணவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அச்சகத்தில் முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் எதிரிலேயே பேனாவை எடுத்து, விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். வேலை நெருக்கினால் வாரத்தில் இரண்டு நாள் அச்சகத்திலேயே தங்கிவிடுவார். அவர் கை பட்ட தாளில் தப்பு நிற்காது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

விசாவுக்கான கடிதத்தையும் அவரேதான் இங்கிலீஷில் எழுதினார். அடியில், மேலே சொன்ன யாவும் உண்மை என்று உறுதிமொழி. அதன்கீழ் அவர் கையெழுத்து.

படபடப்பு அடங்கட்டுமே என்று அதை மடியில் விரித்து எழுத்துக்கூட்டினாள். இரண்டு மாதமாக இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாளே, சும்மாவா?

மூன்றாவது வரியின் கடைசியில் விரல் நின்றது.

'மை ஒய்ஃப் ஹூ லிவ்ஸ் வித் மீ.'

என்னோடு வசிக்கும் என் மனைவி. அவளைப் பற்றித்தான். ஆனால் ஒய்ஃபுக்குப் பக்கத்தில் கமா இல்லை.

நேற்றுத்தான் டீச்சர் இதைச் சொல்லிக்கொடுத்தார். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. வெளியூரில் இருக்கும் அண்ணன் என்றால், ஒருத்தரா நாலு பேரா என்று வாக்கியத்தைப் பிடித்து உலுக்க மாட்டார்கள். இங்கிலீஷில் அப்படி விட மாட்டார்களாம்.

"கமா போட்டா உங்களுக்கு ஒரே அண்ணன். போடலைன்னா இன்னும் அண்ணனுங்க இருக்காங்க, அதுல வெளியூர்ல இருக்கிறவரைச் சொல்றீங்கன்னு அர்த்தம்."

பின்வரிசை பேக்கரிக்காரம்மா சும்மா இருப்பாளா? "அடேயப்பா! ஒரு கமாவை முழுங்கிட்டா ஒரு அண்ணனே பொறந்துடுவானா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. இவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு எத்தனை மனைவி என்று அதிகாரி கேட்டுவிட்டால்? கடிதத்தில் குளறுபடி, போய் வேறு எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வா என்றுவிட்டால்?

பலகை நாற்பத்தாறுக்குத் தாவியது.

அவர் முழங்கையை இடித்தாள்.

"என்னங்க, இங்க ஒரு கமா விட்டுப்போச்சு பாருங்க. ஊரார் தப்பெல்லாம் தெரியுது, உங்க தப்பு தெரியலையாக்கும்! சட்டுனு போட்டுடுங்க."

அவர் கடிதத்தை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். முனையை அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

கொண்டுபோன கை அப்படியே நின்றது.

ஒரு முழுப் பக்கத்தைத் திருத்தி முடிக்கிற நேரம், அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே இருந்த உறுதிமொழியைப் பார்த்தார்.

ஒலிபெருக்கி நாற்பத்தேழைக் கூப்பிட்டது.

அவள் எழுந்தேவிட்டாள். "போட்டாச்சா?"

அவர் பேனாவை மூடினார். அவள் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தார்.

"சரியாத்தாம்மா இருக்கு."