கொடிக்குக் கிடைத்த மரியாதை

நடுக்கடலில் மிதவையின் முதுகில் நின்ற சிவப்புக் கொடிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற படகெல்லாம் அதைக் கண்டதும் வளைந்து விலகிப் போயின.

"பார்த்தியாடா குண்டா, என்ன மரியாதை! அந்தக் கயித்தை உதறு. கரை வரைக்கும் ஊர்வலம் போவோம்!"

"கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அடியில ஒருத்தர் முங்கியிருக்காரு அண்ணே. அவர் மேல ஏத்திடக் கூடாதுன்னுதான் விலகுறாங்க," என்றது மிதவை, கயிற்றை இன்னும் இறுக்கிக்கொண்டு.

"பொறாமைடா உனக்கு!"

முங்கியவர் மேலே வந்தார். இரண்டையும் தன் படகில் போட்டுக்கொண்டு துறைமுகம் சேர்ந்தார். அங்கே படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. யாரோ ஒருவர் நண்டுக்கூடையைக் கொடியின் மேலேயே இறக்கினார்.

நசுங்கிய கொடி பூரித்துப் போனது. "மரியாதை போய், இப்போ பாசமே வந்துடுச்சு பாருடா!"